குழந்தையின் நப்கின் புண்

சென்ற வாரம் எனக்கு அறிமுகமான ஓர் இளந்தாய் தன் ஏழு மாதக் குழந்தையை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். குழந்தை இரவெல்லாம் அழுததாம். துணியை அவிழ்த்துப் பார்த்தேன்; பிட்டத்திலும் தொடைகளிலும் தோல் செக்கச் சிவந்து பளபளத்தது. "நீ துப்புரவாகப் பார்க்காதபடியால்தான் பிள்ளைக்கு இப்படி வந்தது" என்று மாமியார் சொல்லிவிட்டாராம். குழந்தையின் புண்ணைக் காட்டிலும் அந்தச் சொல்லே அவளை அதிகம் வாட்டியிருந்தது.

சகோதரிகளே, இந்தப் பழி நியாயமற்றது. மிகக் கவனமாகப் பேணப்படும் குழந்தைகளுக்கும் இப்புண் வருவதுண்டு. சிறுநீரில் உண்டாகும் அமோனியாவே இதற்குக் காரணமென 1921ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் குக் எழுதினார். நெடுங்காலம் அதுவே நம்பப்பட்டது. மலத்தில் எஞ்சி நிற்கும் சமிபாட்டு நொதியங்களே பெரும் பங்கு வகிக்கின்றன என்பது பின்னர் தெரிந்தது. ஈரத்தில் ஊறி நலிந்த தோலை அவை அரிக்கின்றன. சிறுநீரும் சேர்ந்தால் அவற்றின் வேகம் கூடுகிறது. வயிற்றோட்டம் கண்ட நாட்களில் புண் மிகுவதும், தாய்ப்பால் மாத்திரம் அருந்தும் குழந்தைக்கு அது குறைவாக வருவதும் இதனாலேயே.

மலம் கழித்தவுடன் துணியை மாற்றுங்கள். இளஞ்சூட்டு நீரில் நனைத்த பஞ்சினால் கழுவி, தேய்க்காமல் ஒற்றியெடுங்கள். வாசனைச் சவர்க்காரம் வேண்டாம். பின்னர் பாயில் பழஞ்சீலையை விரித்து, குழந்தையைச் சிறிது நேரம் வெறும் மேனியாகக் கிடத்துங்கள். பாய் நனையத்தான் செய்யும், நனையட்டும். காற்றுப்படுவதைப் போன்ற மருந்து வேறில்லை. அதன்மேல் வாசலீனையோ துத்தநாக ஒட்சைட்டுக் களிம்பையோ தடிப்பாகப் பூசலாம். அடுத்த முறை அதனை முழுவதும் சுரண்டி எடுக்காமல், அழுக்குப் பட்ட மேற்படையை மட்டும் அகற்றினாற் போதும். துணி நப்கின்களைச் சவர்க்காரம் முற்றாக நீங்கும்வரை அலசி வெயிலில் உலர்த்துங்கள். பம்பர்ஸ் ஈரத்தை நன்றாக உறிஞ்சும் என்பது மெய்தான். அதற்காக இரவு கட்டியதை விடியும்வரை விட்டுவைக்கலாகாது.

பவுடர் தூவும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அதன் தூள் குழந்தையின் சுவாசப்பைக்குள் செல்லும். முற்காலத்தில் போரிக் பவுடரைப் பூசினார்கள். புண்வழியே அது உடலில் ஏறிச் சில குழந்தைகள் இறந்த பின்னரே அந்த வழக்கம் கைவிடப்பட்டது.

அந்தத் தாய் தன் கைப்பையிலிருந்து ஒரு களிம்பை எடுத்துக் காட்டியபோதுதான் எனக்குத் திக்கென்றது. கணவரின் படர்தாமரைக்கு வாங்கிய களிம்பாம்! கடுமையான ஸ்டெரொயிட் கலந்தது. நப்கினால் மூடப்பட்ட மெல்லிய தோலில் இதைப் பூசினால் தோல் மேலும் மெலியும். மருந்தும் உடலுக்குள் ஊறும். பூசியதும் சிவப்புத் தணிவதாகத் தோன்றுவதே இதிலுள்ள ஏமாற்று.

அவள் குழந்தையின் தொடை மடிப்புகளுக்குள்ளும் சிவந்திருந்தது. சுற்றிலும் தனித்தனியே சிறு செம்புள்ளிகள். இது கன்டிடா என்னும் பூஞ்சணத்தின் அடையாளம். இதற்கு வேறு மருந்து வேண்டும். இரண்டு மூன்று நாட்களில் குறையாத புண்ணையும் வைத்தியரிடம் காட்ட வேண்டும்; கொப்புளமோ சீழோ காய்ச்சலோ கண்டால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

களிம்பை அவளிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டு, அன்றைக்கே வைத்தியரிடம் போகச் சொன்னேன். மாமியாரையும் உடன் அழைத்துச் செல்லும்படி கூறினேன். புண் வந்த காரணத்தை அவர் வைத்தியர் வாயாலேயே கேட்கட்டுமே!