சக வீரர்களின் துயரம்

2025 மே 9 அன்று மாதுறு ஓயா நீர்த்தேக்கத்தில் விழுந்த இலங்கை விமானப்படையின் பெல் 212 ஹெலிகொப்டரில் பன்னிரண்டு பேர் இருந்தனர். விமானப்படையினரும் இராணுவத்தினருமாக ஆறு பேர் மீளவில்லை. அதே ஆண்டு நவம்பர் 30 அன்று டித்வா புயல் நிவாரணப் பணியில் அதே ரக ஹெலிகொப்டர் லுணுவிலவில் விழுந்து விமானி உயிரிழந்தார்.

சக வீரரைப் புதைத்த கையோடு மறுநாள் அதே ரக இயந்திரத்தில் ஏறுவது இந்தத் தொழிலின் கொடுமை. 2023 ஓகஸ்டில் பயிற்சி விமானம் விழுந்து இருவரை இழந்த திருகோணமலைச் சீனக்குடா விமானப்படைத் தளத்துக்கு அது தெரியும்.

போர்க்காலத்தில் ஹெலிகொப்டர் சத்தம் கேட்டாலே பதுங்குகுழிக்கு ஓடிய தலைமுறை திருகோணமலையில் இன்னும் இருக்கிறது. அந்த நினைவை எவரும் அழிக்கச் சொல்ல முடியாது. ஆனால் டித்வா புயலின்போது மாவிலாற்று அணைக்கட்டு உடைந்து வெள்ளம் சூழ்ந்தபோது மூதூர்ப் பக்கத்து மக்கள் அதே சத்தத்துக்காகத்தான் காத்திருந்தார்கள். அதனால் இந்த மரணங்களுக்கு இங்கும் துக்கம் உண்டு.

பெல் 212 முதலில் பறந்தது 1968இல். உற்பத்தி நின்றே கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. வயதான இயந்திரத்தைக் கவனமாகப் பராமரித்துப் பறக்கவிடலாம் என்பது உண்மையே. அப்படிப் பராமரிக்கப்பட்டதா என்பதை அரசு சொல்லட்டும். மலர்வளையங்களுக்குப் பிறகு, விசாரணை அறிக்கைகள் முழுமையாக, சிங்களத்திலும் தமிழிலும், முதலில் அந்தக் குடும்பங்களின் கைக்குப் போக வேண்டும்.