பாலுக்கு மெஷின் இருக்கு! தீவன மூட்டைக்கு எங்கே மெஷின்?



விடிகாலை நாலு மணிக்கு எழுந்து, சாணி அள்ளி, தண்ணி காட்டி, பால் பீய்ச்சி, கேனைத் தூக்கிக்கொண்டு சொசைட்டி வாசலில் வரிசையில் நிற்கிறோம். நம்ம பாலை மெஷினில் வைக்கிறார்கள். ஒரு நிமிஷத்தில் கொழுப்பு எத்தனை, எஸ்.என்.எப். எத்தனை என்று சீட்டு வந்துவிடுகிறது. ஒரு பாயிண்ட் குறைந்தாலும் காசைப் பிடிக்கிறார்கள். ரொம்பக் குறைந்தால் பாலையே திருப்பி அனுப்புகிறார்கள்.

தரம் பார்க்கட்டும். பச்சைப் பிள்ளைகள் குடிக்கிற பால். தரம் பார்க்காதே என்று நாம் ஒருநாளும் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டோம்.

நாம் கேட்பது ஒரே கேள்விதான். அந்தப் பால் எதிலிருந்து வந்தது? மாட்டின் வாய்க்குள் போன தீவனத்திலிருந்து. அந்தத் தீவன மூட்டையை எந்த மெஷினில் வைத்துப் பார்த்தீர்கள்? யார் பார்த்தது? அந்தச் சீட்டு எங்கே?

மாட்டுக்கு வேண்டியது என்ன?

400 கிலோ எடையுள்ள கலப்பினப் பசு தினம் 10 லிட்டர் கறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 20, 25 கிலோ பசுந்தீவனம், 4, 5 கிலோ வைக்கோல் அல்லது சோளத்தட்டு வேண்டும். உடம்பைக் காப்பாற்ற ஒன்றரை கிலோ கலப்புத் தீவனம். அதற்கு மேல் கறக்கிற ஒவ்வொரு இரண்டரை லிட்டருக்கும் ஒரு கிலோ. ஆக ஐந்தரை கிலோ. கூடவே தாது உப்புக் கலவை 50 கிராம். இது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு.

நார் குறைந்தால் பாலில் கொழுப்பு குறையும். மாவுச்சத்தும் புரதமும் குறைந்தால் எஸ்.என்.எப். குறையும். தாது உப்பு போதவில்லை என்றால் மாடு சினை பிடிக்காமல் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வரும். வெறும் நெல் வைக்கோலில் வயிறு நிறையும், மடி நிறையாது. அதில் புரதம் 3, 4 சதவீதம்தான்.

அப்படியானால் பாலில் குறைகிற பாயிண்ட் பெரும்பாலும் தீவனத்தில் குறைந்த சத்து. நாம் தண்ணி ஊற்றியதால் குறைந்தது இல்லை. ஆனால் சந்தேகப் பார்வை நம்ம மேலே! அபராதமும் நம்ம தலையிலே!

மூட்டைக்குள்ளே என்ன இருக்கு?

மூட்டைமேல் கொழுத்த மாட்டின் படம் இருக்கு. 'பால் பெருகும்' என்று கொட்டை எழுத்தில் இருக்கு. உள்ளே என்ன இருக்கு என்று விற்கிற கடைக்காரருக்கே தெரியாது.

ஐ.எஸ். 2052 என்று மாட்டுத் தீவனத்துக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஒரு தரம் வைத்திருக்கிறது. முதல் ரகத்துக்குப் புரதம் குறைந்தது 22 சதவீதம், இரண்டாம் ரகத்துக்கு 20 சதவீதம். நார் இவ்வளவுதான் இருக்கலாம், மணல் இவ்வளவுதான் இருக்கலாம் என்றும் அளவு உண்டு. ஆனால் கலப்படக்காரன் உமியை அரைத்துப் போடுகிறான். மண் கலந்து எடை ஏற்றுகிறான். யூரியாவைக் கலந்துவிட்டால் சாதாரணப் பரிசோதனையில் புரதம் கூடுதலாகவே காட்டும். ஏனென்றால் அந்தப் பரிசோதனை நைட்ரஜனை அளந்துதான் புரதத்தைக் கணக்குப் போடுகிறது. கணக்கில் புரதம், மாட்டுக்கு வயிற்று வலி!

விஷம் எங்கிருந்து வந்தது?

இதைவிடப் பெரிய அநியாயத்தைக் கேளுங்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018ல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. 2019ல் முடிவை வெளியிட்டது. 368 மாதிரிகளில் அஃப்லாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு அளவுக்கு மேல் இருந்தது. தமிழ்நாட்டில் மட்டும் 551 மாதிரிகளில் 88!

இந்த நஞ்சு பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு, பருத்திப் புண்ணாக்கு, மக்காச்சோளம் வழியாக மாட்டுக்குள் போகிறது. அங்கிருந்து பாலில் இறங்குகிறது. காய்ச்சினாலும் போகாது. தீவனம் வழியாகத்தான் வருகிறது, அந்தத் தீவனத்துக்கு நாட்டில் கட்டுப்பாடு இல்லை என்று அந்த ஆணையமே ஒத்துக்கொண்டது. விற்கிற தீவனம் தர முத்திரையோடுதான் வரவேண்டும் என்று 2020ல் உத்தரவும் போட்டது. அப்புறம் என்ன ஆச்சு? அமலுக்கு வரும் தேதியைத் தள்ளித் தள்ளிப் போட்டார்கள். நம்ம பாலுக்கு ஒரு வேளைகூடத் தள்ளிவைப்பு உண்டா?

கணக்குப் போட்டுப் பாருங்கள்

பசும்பால் லிட்டருக்கு அரசு அறிவித்த கொள்முதல் விலை 2014 நவம்பரில் 28 ரூபாய். அடுத்த உயர்வு ஐந்து வருஷம் கழித்து, 2019 ஆகஸ்டில் 32. 2022 நவம்பரில் 35. 2023 டிசம்பரில் 38. ஒன்பது வருஷத்தில் பத்து ரூபாய்! அதுவும் போராடிப் போராடி. மூட்டை விலை ஏறுவதற்கு மட்டும் சட்டசபை கூட வேண்டியதில்லை; கடைக்காரருக்கு ஒரு போன் வந்தால் போதும்.

அந்த 38 ரூபாயையே எடுத்துக்கொள்வோம். ஊக்கத்தொகை தனி. 10 லிட்டருக்கு 380 ரூபாய். கலப்புத் தீவனம் கிலோ 30 ரூபாய் என்று வைத்தால் ஐந்தரை கிலோவுக்கு 165. மிச்சம் 215. அதில் வைக்கோல், பசுந்தீவனம், ஊசி மருந்து, மாட்டுக் கடன் வட்டி, பால் வற்றிய இரண்டு மூன்று மாதம் சும்மா போடும் தீனி எல்லாம் அடக்கம். வீட்டில் இரண்டு பேர் உழைப்புக்குக் கூலி? அது கணக்கிலேயே வராது. மூட்டை மட்டமாகிப் பால் லிட்டருக்கு 4 ரூபாய் குறைந்தால் இன்னும் 40 போச்சு. உங்க ஊர் விலையைப் போட்டு நீங்களே பாருங்கள்.

'மூலப்பொருள் விலை ஏறிப்போச்சு' என்கிறது கம்பெனி. அந்த மக்காச்சோளத்தையும் கடலையையும் விளைவித்தவன் யார்? நாமதானே! விற்கும்போது அடிமாட்டு விலை, திரும்ப வாங்கும்போது ஆனை விலை.

மூட்டையை நம்பும் நிலை எப்படி வந்தது?

அந்தக் காலத்தில் மாடு மேய்ந்து வந்தது. மேய்ச்சல் புறம்போக்கு இன்று ஆக்கிரமிப்பில் போச்சு. ஊர்ப் பொதுநிலங்களை மீட்டுக் கிராமத்துக்கே கொடுக்கத் திட்டம் போடுங்கள் என்று 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு போட்டது. நம்ம ஊரில் எத்தனை ஏக்கர் மீண்டது? கேளுங்கள்! அறுவடை மெஷின் வந்தபின் வைக்கோலும் பாதி சேற்றில் மிதிபடுகிறது, மீதி கட்டாகி லாரி ஏறிப் போகிறது.

எமது கோரிக்கைகள்

1. ஒவ்வொரு தீவன மூட்டையிலும் புரதம், கொழுப்பு, நார், தயாரித்த தேதி, லாட் நம்பர் தமிழில் அச்சிடப்பட வேண்டும். தர முத்திரையைக் கட்டாயமாக்கு!

2. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவன ஆய்வகம் இருக்கு. ராமநாதபுரத்துக்காரன் ஒரு கைப்பிடித் தீவனத்தோடு அங்கே ஓட முடியுமா? மாவட்டத்துக்கு ஓர் ஆய்வகம் அமை! முடிவைச் சொசைட்டி போர்டில் ஒட்டு!

3. மட்டமான தீவனம் என்று நிரூபணமானால் மூட்டைப் பணத்தோடு பால் நஷ்டத்தையும் கம்பெனியே கட்ட வேண்டும்.

4. தீவன விலையோடு பால் விலையை இணை! மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருத்து!

5. சொசைட்டியிலேயே தீவனம் கலக்க அரவை இயந்திரம் கொடு! மக்காச்சோளம் 35, புண்ணாக்கு 30, தவிடு 32, தாது உப்பு 2, சாப்பாட்டு உப்பு 1. நூறு கிலோவுக்கு இவ்வளவுதான் ரகசியம். தானியத்தை எங்களிடமே வாங்கு!

6. மேய்ச்சல் நிலத்தை அளந்து மீட்டுக் கொடு!

நாம் செய்ய வேண்டியது

பில் இல்லாமல் மூட்டை வாங்காதீர்கள். வாங்கும்போதே கடைக்காரர் முன்னால் ஒரு கைப்பிடி எடுத்து, பாட்டிலில் போட்டு மூடி, தேதி எழுதி வையுங்கள். கண்ணாடித் தம்ளர் தண்ணியில் கொஞ்சம் தீவனத்தைக் கரைத்துப் பாருங்கள். மணல் அடியில் தங்கும், உமி மேலே மிதக்கும். பூஞ்சை வாசம் வந்தால் திருப்பிக் கொடுங்கள். வீட்டில் மூட்டையைத் தரையில் போடாமல், சுவரில் சாய்க்காமல், பலகை மேல் அடுக்குங்கள். வரப்பில் அகத்தியும் வேலிமசாலும் நடுங்கள்.

தனித்தனியாகக் கேட்டால் கடைக்காரர்கூடப் பதில் சொல்ல மாட்டார். சேர்ந்து கேட்டால் கலெக்டர் பதில் சொல்லியாக வேண்டும். சங்கக் கிளை அறிவிக்கும் நாளில் ஆளுக்கு ஒரு காலித் தீவனச் சாக்கோடும், பால் சீட்டோடும் கலெக்டர் ஆபீஸ் வாசலுக்கு வாருங்கள். சாக்கை ஒரு பக்கம் அடுக்குவோம், சீட்டை ஒரு பக்கம் அடுக்குவோம். எது எதனால் குறைந்தது என்று அதிகாரிகளே பார்த்துச் சொல்லட்டும்.

பாலைச் சோதிக்கும் அரசே, தீவனத்தையும் சோதி!
மூட்டை செய்த குற்றத்துக்கு மாட்டுக்காரனைத் தண்டிக்காதே!

திரண்டு வாரீர்! குடும்பத்தோடு வாரீர்!

இப்படிக்கு,
சங்கத்தின் கிராமக் கிளைகள்