அந்த 3 மில்லிமீட்டர் எங்க போச்சு?



டுசல்டோர்ஃப் பக்கம் இருக்கிறவைக்கு ட்ரூபா எண்ட பெயர் தெரிஞ்சிருக்கும். ட்ரூக், பபியர் எண்ட இரண்டு ஜெர்மன் சொல்லைச் சேர்த்து வைத்த பெயர்: அச்சு, காகிதம். 1951இல் தொடங்கின உலகப் பெரிய அச்சுத்துறைக் கண்காட்சி. கடைசியா 2024இல் நடந்தது, அடுத்தது 2028இல். அங்க எவ்வளவு திறமான மெஷினைக் கொண்டுவந்து வைத்தாலும், ஃபைலில இல்லாத நிறத்தை அதால அடிக்க ஏலாது. இந்தக் கிழமை அதைப் பற்றித்தான்.

ஒரு அட்டைப்படத்தில நிறம் ஓரம் வரைக்கும் வரவேணும் எண்டால், பெரிய தாளில அடித்து, அடுக்கி, பிறகுதான் வெட்டுவினம். வெட்டுற கத்தி கொஞ்சம் விலகும். விலகினாலும் வெள்ளைக் கோடு தெரியாமல் இருக்க, நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலா வரைய வேணும். இங்க அதுக்குப் பெயர் பெஷ்னிட், சொஃப்ட்வேரில ப்ளீட். ஏ5 பக்கம் 148க்கு 210 மில்லிமீட்டர் எண்டால், ப்ளீட்டோட 154க்கு 216.

இதெல்லாம் தெரிந்து இல்லஸ்ட்ரேட்டரில சரியா வரைந்த ஆளுக்கும் அச்சில வெள்ளைக் கோடு வருது. ஏன்? இன்டிசைனுக்குள்ள கொண்டுபோகேக்க அந்த 3 மில்லிமீட்டர் விழுந்துபோகுது. ஒரு பிடிஎஃப் பக்கத்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பல பெட்டிகள் இருக்கு. ட்ரிம் பெட்டி வெட்டின பிறகு மிஞ்சிற அளவு, ப்ளீட் பெட்டி அதைவிடப் பெரிசு. எந்தப் பெட்டியை எடுக்கிறது எண்டு இன்டிசைன் வெளிப்படையாக் கேட்காது. பிளேஸ் பண்ணேக்க ‘ஷோ இம்போர்ட் ஆப்ஷன்ஸ்’ டிக் பண்ணினால்தான் ‘க்ராப் டு’ எண்ட தெரிவு வரும். அதில ‘ப்ளீட்’ எண்டு எடுக்க வேணும்.

என்ர கருத்து இதுதான்: ஒருவர் ப்ளீட் வைத்து வரைந்திருந்தால், அதைக் காப்பாற்றுறது சொஃப்ட்வேரின் வேலை. எறியிறதெண்டால் கேட்டுப்போட்டு எறியட்டும். இப்ப நடக்கிறது தலைகீழ்.

எங்கட ஆக்களுக்கு இது கூடுதலாச் சுடும். 31ஆம் நாள் நினைவு மலரை யோசியுங்கோ. ஊரில கல்வெட்டு எண்டும் சொல்லுவினம். அட்டையை இங்க பேத்தி வரைவா, உள்பக்கங்களை இன்னொரு நாட்டில மாமா கோர்ப்பார், அச்சடிக்கிறது மூன்றாவது ஆள். அம்மம்மாவின் படத்தைச் சுற்றி ஒரு பக்கம் மட்டும் வெள்ளைக் கோடு விழுந்தால், திரும்ப அடிக்க நாள் இல்லை. அந்தத் திகதி யாருக்காகவும் தள்ளிப்போகாது. கடைசியில பழி அச்சகக்காரருக்கு.

“கொஞ்சம் பெருப்பிச்சு விட்டால் சரிதானே” எண்டு சிலர் சொல்லுவினம். ஏ5 அட்டையின் அகலத்தை 148இலிருந்து 154 ஆக்க 4 வீதம் பெருப்பிக்க வேணும். அப்ப ஓரத்தில இருக்கிற பெயரும் திகதியும் கத்திக்குக் கிட்டப் போகும். அதே மாதிரி, தமிழ் எழுத்து உடைஞ்சிடும் எண்ட பயத்தில ஜேபெக் ஆக்கி அனுப்புறதும் தீர்வில்லை. எழுத்தின் கூர்மையும் போகும், பெட்டிகளும் போகும். எழுத்துகளை அவுட்லைன் ஆக்கி பிடிஎஃப் அனுப்பலாம். எஸ்விஜி இணையத்துக்கான வடிவம், அதில ப்ளீட் பெட்டியே இல்லை.

சொஃப்ட்வேர் திருந்தும் வரைக்கும் இப்படிச் செய்யுங்கோ. இல்லஸ்ட்ரேட்டரில டொகியுமென்ட் செட்டப்பில 3 மில்லிமீட்டர் ப்ளீட் போடுங்கோ. பிடிஎஃப் ஆக்கேக்க ‘யூஸ் டொகியுமென்ட் ப்ளீட் செட்டிங்ஸ்’ டிக் பண்ணுங்கோ. கான்வா எண்டால் பிடிஎஃப் பிரிண்ட் எடுத்து, க்ராப் மார்க்ஸும் ப்ளீடும் தெரிவு செய்யுங்கோ. இன்டிசைனில கோர்க்கிறவர் ஃப்ரேமையும் பக்கத்துக்கு வெளியில ப்ளீட் கோடு வரைக்கும் இழுக்க வேணும். ஃப்ரேம் சின்னன் எண்டால் அதுவும் வெட்டிப்போடும். இன்டிசைனிலிருந்து கடைசி பிடிஎஃப் எடுக்கேக்கயும் அதே டிக் வேணும்.

எல்லாத்தையும்விட முக்கியம், ஃபைலோட ஒரு வரி சேர்த்து அனுப்புறது: “மாமா, அட்டை 154க்கு 216, நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் ப்ளீட் இருக்கு, வெட்டிப்போடாதேங்கோ.” எந்தச் சொஃப்ட்வேரும் இந்த வரியை எறியாது.

அடுத்த கிழமை சந்திப்பம்.