இடைத்தேர்தலுக்கு ஏன் இத்தனை அவசரம்?

உத்தரப் பிரதேசத்தின் ராம்பூர் தொகுதியில் பத்து முறை வென்றவர் ஆசம் கான். 2022 சட்டமன்றத் தேர்தலில் சிறையில் இருந்தபடியே ஜெயித்தார். அதே ஆண்டு அக்டோபர் 27 அன்று, 2019 தேர்தல் பிரசாரத்தில் வெறுப்பைத் தூண்டும்படி பேசிய வழக்கில் அவருக்கு 3 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மறுநாளே சட்டமன்றச் செயலகம் தொகுதி காலி என்று அறிவித்துவிட்டது. டிசம்பர் 5-ல் இடைத்தேர்தல். வாக்காளர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர்தான் வாக்குச்சாவடிக்கு வந்தார்கள். பாஜகவின் ஆகாஷ் சக்சேனா வென்றார். 2023 மே 24 அன்று அதே வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆசம் கானை விடுதலை செய்தது. அவருக்காக யாரும் கண்ணீர் விட வேண்டியதில்லை. மகனின் பிறப்புச் சான்றிதழ் மோசடி வழக்கில் அந்த அக்டோபரிலேயே அவருக்கு 7 ஆண்டு தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால், எந்தத் தீர்ப்பைக் காட்டி ராம்பூர் மக்களிடம் மறுபடி வாக்குக் கேட்டார்களோ, அந்தத் தீர்ப்பு நிற்கவில்லை.

குற்றவாளி என்று தீர்ப்பு வந்ததும் பதவி போவது சரியா என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, சரிதான். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8(3) பிரிவுப்படி, 2 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர் அன்றே தகுதி இழக்கிறார். விடுதலையான பிறகும் 6 ஆண்டுகள் போட்டியிட முடியாது. முன்பு, பதவியில் இருப்பவர்கள் மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்துவிட்டால் அது முடியும்வரை நாற்காலியில் நீடிக்க 8(4) பிரிவு இடம் தந்தது. வேட்பாளருக்கு ஒரு நீதி, உறுப்பினருக்கு ஒரு நீதி என்றிருந்த அந்தச் சலுகையை 2013 ஜூலை 10-ல் லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அந்தக் கதவு மூடியே இருக்கட்டும். என் கேள்வி வேறு: ஆளை வெளியே அனுப்பிய கையோடு இன்னொருவரை அந்த இடத்தில் உட்காரவைக்க என்ன அவசரம்?

தண்டனைத் தீர்ப்புக்குத் தடை வாங்கலாமே என்பார்கள். தமிழக அமைச்சராக இருந்த பொன்முடிக்கு அது கிடைத்தது. 2023 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொத்துக் குவிப்பு வழக்கில் அவருக்கு 3 ஆண்டு தண்டனை விதித்தது. 2024 மார்ச் 11-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பை நிறுத்திவைக்க, திருக்கோவிலூர் தொகுதியும் அமைச்சர் பதவியும் அவரிடம் திரும்பின. ஆசம் கானுக்குக் கிடைக்கவில்லை. உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, 2022 நவம்பர் 10-ல் ராம்பூர் செஷன்ஸ் நீதிமன்றம் அவருடைய தடை மனுவை எடுத்துக்கொண்டது. அன்றே தள்ளுபடியும் செய்தது. தடை மனுவில் சாட்சியங்களை முழுதாக அலச இடமில்லை; அலசியபோது முடிவு மாறிப்போனது. தேர்தல் தேதியோ அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை.

நம் ஊர் அனுபவம் இன்னும் விசித்திரம். 2014 செப்டம்பர் 27-ல் சொத்துக் குவிப்பு வழக்கில் பெங்களூரு சிறப்பு நீதிமன்றம் அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதாவுக்கு 4 ஆண்டு தண்டனை விதித்ததும் ஸ்ரீரங்கம் தொகுதி காலியானது. 2015 பிப்ரவரி 13-ல் அங்கே இடைத்தேர்தல். மே 11-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. 23-ல் மீண்டும் முதலமைச்சரானார். ஸ்ரீரங்கத்தில்தான் வேறொருவர் இருக்கிறாரே! அவருக்காக ஆர்.கே. நகர் உறுப்பினர் ராஜினாமா செய்ய, ஜூன் 27-ல் அங்கே இன்னோர் இடைத்தேர்தல். ஒரே வழக்கு, இரண்டு தொகுதி மக்களை வரிசையில் நிறுத்தியது. கடைசியில் 2017 பிப்ரவரி 14-ல் விசாரணை நீதிமன்றத் தீர்ப்பே சரி என்றது உச்ச நீதிமன்றம். அப்போது அவர் இறந்து இரண்டு மாதங்கள் கடந்திருந்தன.

காலியான தொகுதிக்கு 6 மாதத்துக்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151ஏ பிரிவு. அந்த அவகாசத்தைப் பயன்படுத்தினாலே போதும். உறுப்பினர் வெளியே இருக்கட்டும். வாக்கும் இல்லை, சம்பளமும் இல்லை. அவருடைய முதல் மேல்முறையீட்டை நான்கு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். அதுவரை இடைத்தேர்தல் அறிவிக்கை வரக்கூடாது. முடியாவிட்டால் தேர்தல் நடக்கட்டும். இழுத்தடிப்பவருக்கு இதில் லாபமில்லை. சாமானியனின் மேல்முறையீடு ஆண்டுக்கணக்கில் தூங்கும்போது அரசியல்வாதிக்கு மட்டும் முன்வரிசையா என்ற கோபம் நியாயமானது. ஆனால் இங்கே அவர் ஒருவரின் சிறைவாசம் மட்டும் தீர்மானமாகவில்லை. லட்சக்கணக்கானவர்கள் போட்ட வாக்கின் கதியும் தீர்மானமாகிறது. நான்கு மாதம் நடக்கிற காரியமா என்றால், ஜெயலலிதா வழக்கையே பாருங்கள். கீழ் நீதிமன்றத்தில் 18 ஆண்டு இழுத்த வழக்கு அது. மூன்று மாதத்தில் முடியுங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும், சற்றுக் கூடுதல் அவகாசத்தோடு மேல்முறையீட்டில் தீர்ப்பே வந்துவிட்டது. 151ஏ பிரிவில் நாடாளுமன்றம் சேர்க்க வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அதை அடுத்த கூட்டத்தொடரிலேயே சேர்க்கட்டும்.