ஒரு விரல் சுண்ணாம்பு

மியூனிக்கில் ஆறு மாதம் ஆன்சைட் போய்விட்டு வந்த தமிழ் சாஃப்ட்வேர்காரன் எவனும் ஊர் திரும்பியதும் ஒரு சொற்பொழிவு ஆற்றாமல் விடமாட்டான். "மச்சி, இங்க நாம குடிக்கிறதெல்லாம் பீரே இல்லடா. அங்க போய்க் குடிச்சுப் பாரு, என்னா ஃப்ரெஷ்ஷு தெரியுமா!" கேட்டுக்கொண்டிருப்பவர்கள் இதையே ஏற்கெனவே நாலு பேரிடம் கேட்டிருப்பார்கள். நானும் ஆற்றியிருக்கிறேன். அகஸ்டினர் கெல்லரில் மரப்பீப்பாயிலிருந்து பிடித்துக் கொடுத்த பீரைப் பற்றி ஒரு கல்யாண மண்டபத்து மொட்டைமாடியில் முக்கால் மணி நேரம் பேசியவன் நான். அந்தச் சொற்பொழிவு உண்மைதான். ஆனால் அதை ஆற்றிவிட்டு நாம் வாயை மூடிக்கொள்கிற இடம்தான் அயோக்கியத்தனமானது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் உண்மை. பீர் பழுதாகிற பண்டம். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து ஒரு கந்தக வாடை கிளம்பும். பாட்டில் பழுப்பு நிறத்தில் இருப்பது அதற்குத்தான். ஆக்ஸிஜன் சேர்ந்து நாளானால் நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வரும். சூடு அதை இன்னும் வேகப்படுத்தும். பவேரியக் கோதுமை பீருக்கு ஈஸ்ட் கொடுக்கிற வாழைப்பழ வாசமும் கிராம்பு வாசமும்தான் உயிர். அந்த பாட்டில் கப்பலேறி, வாரக்கணக்கில் கடலில் கிடந்து, சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னருக்குள் வெந்து, ஏதோ ஒரு கிடங்கில் தூங்கி நம் மேஜைக்கு வரும்போது உயிர் போயிருக்கும். மியூனிக்கில் குடித்த அதே லேபிளை ஊருக்கு வந்த மாதமே சென்னை ஹோட்டல் ஒன்றில் மனசைக் கல்லாக்கிக்கொண்டு காசு கொடுத்து வாங்கினேன். வாழைப்பழத்தைக் காணோம். அட்டைப்பெட்டி இருந்தது.

பீரை அது காய்ச்சப்படுகிற ஆலையின் புகைபோக்கி நிழலில் குடிக்க வேண்டும் என்று ஜெர்மன்காரர்கள் சொல்வார்கள். பவேரியாவில் இது வெறும் பழமொழி இல்லை, சட்டமாகவே இருந்திருக்கிறது. குளிர்சாதனம் வராத காலத்தில் மியூனிக்கின் மதுவாலைக்காரர்கள் நிலவறை தோண்டி அதில் பீரை வைத்தார்கள். வெயில் இறங்காமலிருக்க மேலே செஸ்ட்நட் மரங்களை நட்டார்கள். அந்த நிழலில் பெஞ்சு போட்டு அங்கேயே விற்றார்கள். வியாபாரம் போகிறதே என்று விடுதிக்காரர்கள் மன்னரிடம் ஓடினார்கள். 1812 ஜனவரி 4ஆம் தேதி மன்னர் முதலாம் மேக்ஸிமிலியன் ஜோசப் ஓர் ஆணை போட்டார். காய்ச்சுகிறவர் தன் நிலவறையில் தன் பீரை விற்கலாம், ஆனால் ரொட்டியைத் தவிர வேறு சாப்பாடு விற்கக் கூடாது. பசித்தால் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வா. இன்றைக்கும் பவேரிய பீர்த் தோட்டத்துக்குச் சொந்தச் சாப்பாடு எடுத்துப் போகலாம். நான் புளிசோறு கொண்டுபோய்ச் சாப்பிட்டிருக்கிறேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

இப்போது இந்த விதியை அப்படியே எடுத்துக்கொண்டு என் ஊருக்கு வாருங்கள். செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் இருக்கிறது வல்லம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய செஞ்சிக் கோட்டையைப் பார்க்கப் போகிறவர்கள் பஸ் ஜன்னல் வழியாக எங்களைக் கடந்துபோவார்கள். ஏரிக்கரையிலும் வரப்பிலும் பனை நிற்கும். புகைபோக்கி நிழல், நிலவறை நிழல் என்றெல்லாம் மியூனிக்கில் கஷ்டப்பட்டு உண்டாக்கியது இங்கே தானாகவே நிற்கிறது. காய்ச்சும் ஆலையும் அந்த மரம்தான், நிழலும் அந்த மரம்தான்.

பாளையைச் சீவிக் கலயம் கட்டினால், சொட்டுகிற சாறு மரத்து உச்சியிலேயே புளிக்க ஆரம்பித்துவிடும். ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் தாமாக வந்து சேரும். இறக்கும்போது ஏறக்குறைய ஒரு பீர் அளவுக்கு ஆல்கஹால் இருக்கும். மத்தியானம் கடுக்கும். மறுநாள் அது காடி. கப்பலை விடுங்கள், திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனாலே அதன் குணம் மாறிவிடும். ஃப்ரெஷ்னெஸ் ஃப்ரெஷ்னெஸ் என்று நாம் தொண்டை கிழியப் பேசுகிறோமே, அது முழுக்க முழுக்கக் குடியிருக்கும் பானம் இதுதான்.

எங்கள் தெருவில் மரமேறுகிற தாத்தா ஒருவர் இருந்தார். கிராமணித் தாத்தா என்போம். லீவில் வந்திருந்தபோது அவரிடமும் என் மியூனிக் சொற்பொழிவை அவிழ்த்தேன். பொறுமையாகக் கேட்டார். "காலீல எறக்கனத காலீலியே குடிக்கணும். இதத் தெரிஞ்சிக்கவா ஏரோப்ளேன் ஏறிப் போன?" என்றார். அதற்குப் பிறகு அந்தச் சொற்பொழிவை நான் ஆற்றியதில்லை.

ஆனால் தாத்தா எனக்கு அன்று ஊற்றிக் கொடுத்தது பதநீர்தான். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவினால் சாறு புளிக்காது. அதன் பெயர் பதநீர். தடவாவிட்டால் கள். ஒரே மரம், ஒரே பாளை, ஒரே கத்தி. ஒரு விரல் சுண்ணாம்பு தடவினால் அவர் பாரம்பரியத் தொழிலாளி, அவருக்கு நலவாரியம் உண்டு, மேடையில் பேச்சு உண்டு. தடவ மறந்தால் 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டத்தின்படி குற்றவாளி. உலகத்தில் வேறெங்காவது ஒரு மனிதனின் யோக்கியதையைச் சுண்ணாம்பு முடிவு செய்கிறதா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒரு சித்திரையில் அவருடைய கலயங்களை வந்து உடைத்துப் போட்டார்கள். யார், எங்கிருந்து என்பதை விட்டுவிடுகிறேன். சுண்ணாம்பு சரியாகத் தடவவில்லை என்பது புகார். பன்னிரண்டு கலயம். மறுநாள் ஓடுகளைப் பொறுக்கி வேலியோரம் கொட்டினார், யாரையும் திட்டவில்லை. அடுத்த வருஷம் ஏறவில்லை. மகன் ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். அவர் ஏறிய மரங்களில் சில செங்கல் சூளைக்குப் போயின. 2021 வேளாண் பட்ஜெட்டில் 76 லட்சம் பனை விதை கொடுப்போம், பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்றார்கள். நல்ல அறிவிப்பு. ஆனால் ஏறுகிறவனுக்கு வருமானம் இல்லாத மரத்தை விதை போட்டு மட்டும் காப்பாற்ற முடியுமா?

இரண்டு தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. அதே வருஷம் மார்ச் 12ஆம் தேதி, லக்ஸம்பர்க்கில் ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. 1516இல் பவேரியாவில் பிறந்த சுத்தச் சட்டத்தைக் காட்டி வெளிநாட்டு பீரை ஜெர்மனி தடுக்கக் கூடாது, உள்ளே என்ன இருக்கிறதென்று லேபிளில் எழுதினால் போதும், குடிக்கிறவன் படித்து முடிவு செய்வான் என்றது. வழக்கில் தோற்ற பவேரியர்கள் தங்கள் பீரைக் கைவிடவில்லை. அக்டோபர் விழாவில் இன்றும் மியூனிக்கின் ஆறு ஆலைகளின் பீர்தான் ஓடுகிறது. அங்கே வெளியூர்ச் சரக்கு வரட்டும் என்று கதவைத் திறந்த வருஷத்தில்தான் இங்கே உள்ளூர்ச் சரக்கை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினோம்.

சுத்தச் சட்டத்தைப் புனிதமாக்கவும் நான் வரவில்லை. பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மட்டும் என்று 1516இல் எழுதியவர்களுக்குக் கோதுமை ரொட்டிக்கு வேண்டும் என்ற கணக்கும் இருந்தது. அந்தச் சட்டத்திலேயே பீருக்கு விலையும் நிர்ணயித்தார்கள். பின்னாளில் கோதுமை பீர் காய்ச்சும் உரிமையை ஆளும் குடும்பமே தன் கையில் வைத்துக்கொண்டது. அரசு என்றால் எங்கேயும் காசு பார்க்கத்தான் செய்யும். மியூனிக்கின் புகழ்பெற்ற ஹோஃப்பிராய் ஆலை இன்றும் பவேரிய மாநில அரசின் சொத்து. ஆகவே அரசே மது விற்கலாமா என்ற நம் ஊர்க் கேள்வியில் எனக்குப் பெரிய ஆர்வமில்லை. அரசு எதை விற்கிறது, எதைத் தடுக்கிறது என்பதே என் கேள்வி.

பவேரிய அரசு தன் மண்ணில் காய்ச்சியதை விற்கிறது. நம் அரசு விற்பதற்குப் பெயரே 'இந்தியாவில் தயாரிக்கப்படும் அயல்நாட்டு மதுவகை'. பெரும்பாலும் கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயத்தில் நிறமும் வாசமும் சேர்த்தது. 42.8 சதவீதம் ஆல்கஹால். இது வெயிலில் நின்றாலும் கெடாது, லாரியில் குலுங்கினாலும் கெடாது, இரண்டு வருஷம் கழித்தும் விற்கலாம், ஒவ்வொரு பாட்டிலையும் எண்ணி வரி போடலாம். 2024-25இல் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்தது 48,000 கோடி ரூபாய்க்கு மேல். கள்ளை அப்படி எண்ண முடியாது. கிடங்கில் அடுக்க முடியாது. ஒரு முதலாளியிடம் குவிக்க முடியாது. அது ஃப்ரெஷ்ஷாக மட்டுமே இருக்கத் தெரிந்த பானம் என்பதுதான் அதன் மேல் உள்ள நிஜமான குற்றச்சாட்டு என்று நான் சந்தேகப்படுகிறேன்.

வெளியே சொல்லப்படும் குற்றச்சாட்டு கலப்படம். அதை நான் ஒதுக்கவில்லை. 2025 ஜூலையில் ஹைதராபாத்தில் கலப்படக் கள் குடித்துச் செத்தார்கள். மயக்க மாத்திரைப் பொடியைக் கரைத்து விற்கிற கும்பல்கள் உண்மை. ஆனால் கலப்படம் எங்கே நுழைகிறது? கடையை ஏலம் எடுத்தவன், மரம் கொடுக்கிறதைவிட அதிகமாக விற்க வேண்டியிருக்கிறபோது. மரத்துக்கும் குடிக்கிறவனுக்கும் நடுவில் ஒரு நகரமே இருக்கும்போது. மரத்தடியில் நின்று, இறக்கியவன் கையால் வாங்கிக் குடித்தால் எதைக் கலக்க முடியும்? தண்ணீர் கலக்கலாம், அது நாக்குக்குத் தெரிந்துவிடும்.

கலப்படம் தடைக்குக் காரணமென்றால் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். 2023 மே மாதம் எங்கள் விழுப்புரம் மாவட்டத்திலேயே மரக்காணம் பக்கம் மெத்தனால் குடித்துச் செத்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள். அவர்கள் குடித்தது கள் இல்லை. கள் தடை இருந்தது, டாஸ்மாக்கும் திறந்திருந்தது. பாட்டில் விலை கட்டுப்படியாகாத கூலிக்காரனுக்கு மிச்சமிருந்தது பாக்கெட்தான். அவனுக்கு எட்டுகிற விலையில், எரிசாராயம் இல்லாத, நாலைந்து சதவீதப் பானம் ஒன்று மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சட்டம் காவல் காத்தது.

இந்த இடத்தில் நம் ஆட்கள் சங்க இலக்கியத்தை இழுப்பார்கள். அதியமானும் ஔவையும் கள் குடித்தார்கள் என்பார்கள். வேண்டாம். ஔவையைக் கூப்பிட்டால் எதிரே கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரமே எழுதிவைத்த வள்ளுவர் வந்து நிற்பார். பெரியார் தன் தோப்புத் தென்னைகளை வெட்டிச் சாய்த்தது கள்ளை எதிர்த்துத்தான். மரமேறும் சமூகத்தில் பிறந்த ம.பொ.சி. மதுவிலக்குக்காகச் சொந்தச் சாதியின் கோபத்தை வாங்கிக்கொண்டவர். அந்த எதிர்ப்பு மரபுக்குக் கனம் உண்டு. அதைக் கேலி செய்கிற தகுதி ஐபிஏவுக்கும் லாகருக்கும் வித்தியாசம் சொல்லத் தெரிந்த எனக்கு இல்லை.

என் அம்மாவிடம் இந்தக் கட்டுரையின் சாரத்தைச் சொன்னேன். "எந்தக் கருமமா இருந்தா இன்னா, குடி குடிதான். ராத்திரி அடி வாங்கறது யாரு?" என்றார். அம்மாவுக்கு என்னிடம் பதில் இல்லை. எல்லாவற்றையும் மூடு என்று அவர் சொன்னால் அந்தக் குரலுக்கு முன்னால் என் மியூனிக், என் ஈஸ்ட், என் வாழைப்பழ வாசம் எதுவும் நிற்காது. ஆனால் அந்த வாக்கியத்தைச் சொல்கிற உரிமை அவருக்கு மட்டும்தான் இருக்கிறது. 42.8 சதவீதத்தை மதியம் பன்னிரண்டு மணிக்குக் கடை திறந்து விற்கிற அரசு, என் அம்மாவின் வாக்கியத்தை இரவல் வாங்கி மரமேறியின் கலயத்தை மட்டும் உடைக்கக் கூடாது. மூடினால் இரண்டையும் மூட வேண்டும். ஒன்றைத் திறந்து வைப்பதென்றால், கெடுதல் குறைந்ததைச் சாத்திவிட்டுக் கூடினதைத் திறந்து வைப்பது எந்த ஊர் நியாயம்?

நான் கேட்பது பழையபடி கள்ளுக்கடை ஏலம் இல்லை. 1812 ஆணையைத் தமிழில் எழுதிக்கொடுங்கள், போதும். ஏறுகிறவன் தன் மரத்தடியில் தான் இறக்கியதை அன்றைக்கே விற்கலாம். வண்டியில் ஏற்றக் கூடாது. இன்னொருத்தனிடம் வாங்கி விற்கக் கூடாது. பொழுது சாய்ந்தால் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும், இல்லையென்றால் காடியாக்கிக்கொள்ள வேண்டும். கேரளம் 1969லேயே கள் தொழிலாளருக்கு நலநிதிச் சட்டம் போட்டது. எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் புதுச்சேரியில் கள்ளுக்கடை சட்டப்படியே நடக்கிறது. பூமி பிளக்கவில்லை.

அதுவரைக்கும், மியூனிக் போய்வந்த நண்பர்களே, ஃப்ரெஷ் பீர் சொற்பொழிவைக் கொஞ்சம் நிறுத்திவைப்போம். அல்லது அதை முழுசாக ஆற்றுவோம்: காய்ச்சுகிற இடத்தில், காய்ச்சுகிறவன் கையால், அன்றைக்கே குடிக்க வேண்டும் என்று நாம் அங்கே கற்றுக்கொண்டதை, வல்லத்து ஏரிக்கரையில் நின்று சொல்வோம். தை பிறந்தால் பாளை விடும். தாத்தாவுக்கு இனி ஏற முடியாது. மகனுக்கு ஏறத் தெரியும். போன பொங்கலுக்கு வந்தபோது, சும்மா, யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு மரம் ஏறி இறங்கினான். கலயம் கட்டவில்லை.