வக்காலத்து யாருடையது?

நமது நாட்டு அரசியலில் வக்கீல் என்றால் ஒரு தனி மதிப்பு வெகுகாலமாய் இருந்து வருகின்றது. சட்டசபைக்கு ஆள் பொறுக்கும்போது, “அவர் சட்டம் படித்தவர், நன்றாய் வாதாடுவார்” என்று சொல்லிவிட்டால் போதும், அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை. நன்றாய் வாதாடுவார் என்பது சரி. ஆனால் யாருக்காக வாதாடுவார் என்பதல்லவா கேட்க வேண்டிய கேள்வி? நமது எதிரியின் வக்கீலும் நன்றாய்த்தான் வாதாடுவார். அவர் எவ்வளவுக்கெவ்வளவு கெட்டிக்காரரோ அவ்வளவுக்கவ்வளவு நமக்கு நஷ்டம் என்பது கோர்ட்டு வாசலை ஒரு தடவை மிதித்த குடியானவனுக்குக்கூடத் தெரியும்.

கோர்ட்டிலே ஒரு விதி உண்டு. கட்சிக்காரன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வக்காலத்து நாமா இல்லாமல் எவ்வளவு பெரிய வக்கீலும் அவனுக்காக வழக்கு நடத்த முடியாது. வக்கீல் மகா மேதாவியாயிருக்கலாம், கட்சிக்காரன் கைநாட்டாயிருக்கலாம். ஆனாலும் நிலம் கைநாட்டுக்காரனுடையது. ஆதலால் அவன் சம்மதம்தான் முக்கியம். இந்த ஒரு விதியைக் கையில் வைத்துக்கொண்டு, வக்கீலாயிருந்து மாகாண அரசியலுக்கு வந்தவர்களில் மிகவும் பேர்போனவரான தோழர் சி.ராஜகோபாலாச்சாரியாரின் பொதுவாழ்வைப் பரிசீலனை செய்து பார்ப்போம்.

ஆச்சாரியார் 1878-ல் ஓசூருக்குப் பக்கத்திலுள்ள தொரப்பள்ளியில் பிறந்தவர். தகப்பனார் அந்தக் கிராமத்து முன்சீப். மகன் ஓசூரிலும் பெங்களூரிலும் சென்னையிலும் படித்து, சட்டம் தேறி, 1900-ம் வருஷ வாக்கில் சேலத்தில் தொழில் தொடங்கினார். நல்ல பேரும் நல்ல வரும்படியும் வந்தன. 1917-ல் சேலம் முனிசிபாலிட்டி சேர்மனானார். பிறகு காந்தியாரின் ஒத்துழையாமைக்காகத் தொழிலையே விட்டார். அப்போது ஈரோடு சேர்மனாயிருந்த பெரியாரை உத்தியோகத்தை விட்டுக் காங்கிரசுக்கு வரும்படி அழைத்தவர்களில் முக்கியமானவரும் அவரே. 1930-ல் வேதாரணியத்தில் உப்புக் காய்ச்சி ஜெயிலுக்குப் போனார். வருவாயை விட்டதையும், சிறைக்குப் போனதையும், எளிய வாழ்க்கை வாழ்ந்ததையும் நாம் மறுக்கவில்லை. ஒரு மனிதர் யோக்கியர் என்பதாலேயே அவர் செய்த காரியமெல்லாம் நமக்கு நன்மையாகிவிடாது என்பதுதான் நாம் சொல்ல வருவது.

1937 தேர்தலில் சென்னை மாகாணச் சட்டசபையின் 215 இடங்களில் 159 காங்கிரசுக்குக் கிடைத்தன. ஆச்சாரியார் நின்றது சர்வகலாசாலைத் தொகுதியில். அதாவது பட்டதாரிகள் ஓட்டுப் போடும் தொகுதியில். ஜூலை 14-ல் பிரதம மந்திரியானார். ஒரு மாதத்திற்குள்ளாகவே பள்ளிக்கூடங்களில் இந்தி வைக்கப்போவதாகச் சொன்னார். 1938 ஏப்ரலில் 125 பள்ளிக்கூடங்களில் இந்தி கட்டாயம் என்று உத்தரவு பிறந்தது. தமிழன் பிள்ளைக்கு இந்தி வேண்டும் என்று எந்தத் தமிழன் இவருக்கு வக்காலத்துக் கொடுத்தான்? கூட்டம் போட்டுக் கேட்டார்கள், ஊர்வலம் வந்து கேட்டார்கள், பள்ளிக்கூட வாசலில் நின்று கேட்டார்கள். பதிலாகக் கிடைத்தது என்ன? 1932-ம் வருஷத்துக் கிரிமினல் சட்டத் திருத்தம்! வெள்ளைக்காரன் காங்கிரசை அடக்குவதற்காகச் செய்த சட்டம் அது. அடக்குமுறைச் சட்டம் என்று காங்கிரஸ்காரர்களே ஊர் ஊராய்த் திட்டிய சட்டம். அதையே எடுத்துத் தமிழர்மேல் வீசினார். கைதானவர்கள் 1,198 பேர். அதில் தண்டனை அடைந்தவர்கள் 1,179 பேர். அவர்களிலே 73 பேர் பெண்கள். தாயோடு ஜெயிலுக்குள் போன குழந்தைகள் 32. பெரியாருக்கு ஒரு வருஷக் கடுங்காவலும் ஆயிரம் ரூபாய் அபராதமும். தோழர்கள் நடராசனும் தாளமுத்துவும் 1939-ன் முதல் மூன்று மாதங்களுக்குள் சிறைப்பட்ட நிலையிலேயே மாண்டார்கள்.

நேற்று வரையில் ஒரு சட்டத்தை அக்கிரமம் என்று வாதாடிவிட்டு, இன்று அதே சட்டத்தை நியாயம் என்று வாதாடுவது கோர்ட்டிலே சாத்தியம்தான். காலையில் வாதிக்கும் மாலையில் வேறு வழக்கில் பிரதிவாதிக்கும் பேசுவது தொழில் தர்மம். நாட்டை ஆளுவதற்கு அந்தத் தர்மம் பொருந்துமா? கடைசியில் 1939 அக்டோபரில் மந்திரிசபை ராஜிநாமாச் செய்து, 1940 பிப்ரவரியில் கவர்னர் அந்த உத்தரவை எடுத்தார். தமிழ் மந்திரி வைத்ததை வெள்ளைக்காரக் கவர்னர் எடுத்தார் என்பது நமக்குப் பெருமையா?

அந்த மந்திரிசபை நன்மையே செய்யவில்லையா என்று கேட்கலாம். செய்தது. 1938-ல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. 1939-ல் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. ஆனால் அதிலும் ஒரு விசேஷத்தைக் கவனியுங்கள். தாழ்த்தப்பட்ட மக்களின் தலைவர் தோழர் எம்.சி.ராஜா, தம் ஜனங்களின் சார்பாகத் தாமே 1938-ல் ஆலயப் பிரவேச மசோதாக் கொண்டுவந்தபோது, அதை எதிர்த்துத் தோற்கடித்தவர் இதே ஆச்சாரியார். மறு வருஷம் தமது வழியில் தாமே சட்டம் செய்தார். கட்சிக்காரன் வாய் திறந்து கேட்டால் கூடாது, வக்கீல் பார்த்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதுதானே இதன் அர்த்தம்?

இனி 1952-க்கு வருவோம். வயது வந்தோருக்கெல்லாம் ஓட்டு என்று வந்த முதல் தேர்தலில், சென்னை ராஜ்யத்தின் 375 இடங்களில் காங்கிரஸ் பெற்றது 152. பெரும்பான்மை இல்லை. ஆச்சாரியார் தேர்தலில் நிற்கவே இல்லை. ஆனாலும் முதல் மந்திரியானார். எப்படியெனில், கவர்னர் அவரை மேல்சபைக்கு நியமனம் செய்தார். உபதேர்தலில் நின்று ஜெயித்து வரலாம் என்பதையும் அவர் ஏற்கவில்லை. இந்த நியமனம் செல்லாது என்று தோழர் பி.ராமமூர்த்தி ஐகோர்ட்டுக்குப் போனார். வழக்குத் தள்ளுபடியாயிற்று. ஆகவே சட்டப்படி சரி. சட்டப்படி சரி என்பதும் ஜனங்களின் சம்மதம் என்பதும் இரண்டு வேறு சங்கதிகள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேடினாலும் கிடைக்காது.

வக்காலத்து இல்லாமல் வந்தவர் செய்த பெரிய காரியம் என்ன? ரேஷனை எடுத்தார், அதைப் பலரும் வரவேற்றார்கள். ஆனால் 1953-ல் சட்டசபையைக்கூடக் கேட்காமல் ஆரம்பக் கல்வித் திட்டம் ஒன்று கொண்டுவந்தார். கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தினம் மூன்று மணி நேரம்தான், மற்ற நேரத்தில் தகப்பன் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது திட்டம். அதைத்தான் நாம் குலக்கல்வி என்றோம். வண்ணான் மகன் வெளுக்கவும், சிரைப்பவன் மகன் சிரைக்கவும், பறையடிப்பவன் மகன் பறையடிக்கவும் கற்றுக்கொள்ளுவதற்குச் சர்க்கார் நேரம் ஒதுக்கித் தருகின்றது! மனுதர்மம் ஆயிரம் வருஷம் செய்த வேலையை ஒரு சர்க்கார் உத்தரவு செய்ய வந்தது.

நாம் ஒன்று கேட்கின்றோம். தொரப்பள்ளி முன்சீப்பின் மகன் தகப்பனோடு உட்கார்ந்து கிராமக் கணக்குப் பார்க்கவா கற்றுக்கொண்டார்? பெங்களூருக்கும் சென்னைக்கும் போய்ச் சட்டம் படித்ததனால்தானே வக்கீலானார், மந்திரியானார், கவர்னர் ஜெனரலும் ஆனார்? தமக்கு ஏணியாயிருந்த படிப்பைக் குயவன் மகனுக்குப் பாதியாய்க் குறைக்க இவருக்கு வக்காலத்துக் கொடுத்த குயவன் யார்?

அந்த வருஷம் ஜூலையில் சட்டசபையில் திட்டத்தைக் கைவிட வேண்டுமென்ற தீர்மானத்திற்கு இரு பக்கமும் ஓட்டு சரிசமமாக நின்று, சபாநாயகரின் ஓட்டினால்தான் திட்டம் தப்பிப் பிழைத்தது. அப்போதாவது கைவிட்டாரா? இல்லை. ஊர்தோறும் எதிர்ப்பு மூண்டது. நாகப்பட்டினத்திலிருந்து சென்னைக்கு எதிர்ப்புப் படை கால்நடையாய்ப் புறப்பட்டது. காங்கிரசுக்குள்ளேயே கலகம் வந்தது. 1954-ல் ஆச்சாரியார் விலகினார். ஏப்ரலில் காமராஜர் வந்தார், மே மாதத்தில் திட்டம் போயிற்று.

இந்தக் காமராஜர் சட்டம் படித்தவரல்ல, பள்ளிப்படிப்பையே பாதியில் விட்டவர். ஆனால் முதல் மந்திரியானதும் அவர் செய்த காரியம் என்ன? மேல்சபை நியமனத்தைத் தேடவில்லை. குடியாத்தம் உபதேர்தலில் நின்று, ஜனங்களிடம் போய்க் கையெழுத்து வாங்கி வந்தார். சட்டம் படித்த மேதை வக்காலத்து இல்லாமல் வழக்கு நடத்தினார். சட்டம் படிக்காதவர் வக்காலத்து வாங்கிக்கொண்டு வந்தார். வாசகர்கள் எதைப் படிப்பு என்று சொல்லுவார்களோ சொல்லட்டும்.

இதற்கு ஆச்சாரியாரின் அன்பர்கள் ஒரு சமாதானம் சொல்லுவதுண்டு. தலைவர் என்பவர் ஜனங்கள் கேட்பதையெல்லாம் கொடுப்பவரல்ல, அவர்களுக்கு எது நல்லதென்று பார்த்துச் செய்பவர், சுயமரியாதைக்காரர்களும் ஜனங்கள் விரும்பாததைத்தானே சொல்லி வந்தார்கள் என்பது. மெய்தான். கடவுள் இல்லை, சாதி இல்லை, புரோகிதன் வேண்டாம் என்று சொன்னபோது கல்லால் அடித்தார்கள், செருப்பை வீசினார்கள். ஆனாலும் இயக்கம் யாரையும் போலீசைக்கொண்டு சுயமரியாதைக் கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லவில்லை. மைதானத்தில் நின்று சொன்னது. கேட்டவன் கேட்டான், போனவன் போனான். ஜனங்கள் விரும்பாததை அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லுவது வேறு, அதைச் சர்க்கார் உத்தரவாக்கி ஜெயிலைக் காட்டி நடத்துவது வேறு. முன்னது பிரசாரம், பின்னது எதேச்சாதிகாரம்.

வக்கீல் தொழிலே கெட்டது என்று நாம் சொல்லுவதாக யாரும் நினைக்க வேண்டாம். தஞ்சை ஏ.டி.பன்னீர்செல்வமும் பாரிஸ்டர்தான். தஞ்சை ஜில்லா போர்டுத் தலைவராயிருந்து, வடமொழிக்கென்றே நடந்த திருவையாற்றுக் கல்லூரியில் தமிழுக்கு இடம் வாங்கித் தந்தவர் அவர். மந்திரியாயுமிருந்தார். இந்தி எதிர்ப்பில் பெரியாரோடு நின்றார். 1940 மார்ச் 1-ல் சீமைக்குப் போன ஆகாய விமானத்தோடு ஓமான் கடலில் மறைந்துபோனார். அதே சட்டப் படிப்பு, அதே ஆங்கிலம். கட்சிக்காரன் மட்டும் வேறு.

ஆச்சாரியாரின் கதை 1954-ல் முடிந்துவிடவில்லை. 1938-ல் இந்தியைத் திணித்தவரே 1965-ல் இந்தி கூடாது என்று முழங்கினார். 1967-ல் தி.மு.க.வோடு கூட்டுச் சேர்ந்து காங்கிரசையே வீழ்த்தினார். இரண்டு பக்கத்திலும் அவர் வாதம் அப்பழுக்கில்லாமல் இருந்தது! 1972 டிசம்பரில் அவர் இறந்தபோது, வாழ்நாளெல்லாம் அவரை எதிர்த்த பெரியார் சுடுகாட்டிற்கு வந்து கண்ணீர் விட்டார். சிநேகிதம் அவ்வளவு பெரிது. ஆனால் அந்தச் சிநேகிதத்திற்காகப் பெரியார் இந்தியையும் குலக்கல்வியையும் ஒரு நாளும் மன்னிக்கவில்லை. மனிதரிடம் அன்பும் காரியத்தில் கண்டிப்பும் ஒன்றாய் இருக்க முடியும் என்பதை நமது தோழர்கள் இதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும்.

தேர்தல்கள் வரும், போகும். கறுப்புக் கோட்டுப் போட்டவர்கள் இன்னும் எத்தனையோ பேர் எல்லாக் கட்சிகளிலிருந்தும் ஓட்டுக் கேட்டு வருவார்கள். அவர்கள் பேச்சை ரசியுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் பேச்சு முடிந்ததும் எழுந்து நின்று கேளுங்கள். “ஐயா, எங்கள் பிள்ளைகளின் படிப்பைப்பற்றி உமது எண்ணமென்ன? நாங்கள் கேட்காத ஒன்றை எங்கள் தலையில் கட்டமாட்டீர் என்பதற்கு என்ன உறுதி? இதுவரையில் யார் வழக்கை நடத்திக்கொண்டிருந்தீர்?” என்று கேளுங்கள். பதில் சொல்லாதவர் எவ்வளவு பெரிய மேதையாயிருந்தாலும், உங்கள் வக்காலத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு தடவை போட்டுவிட்டால், தீர்ப்பு உங்கள் பிள்ளைகள் தலையில்தான் விழும்.