தாம்பூலத் தட்டில் புகையிலைக்கு என்ன வேலை?

கொஞ்சம் நீளமான பதிவு. மணி அடிக்கும் வரை வகுப்பில் உட்கார்ந்த மாதிரி கடைசி வரை படியுங்கள்.

நம் குடும்பக் குழுவிலும் பழைய மாணவர் குழுவிலும் நான்கைந்து நாளாக ஒரு செய்தி சுற்றுகிறது. "சிகரெட்தான் கெடுதல். இலைப் புகையிலை இயற்கையானது. நம் முன்னோர் வெற்றிலையோடு போட்டார்கள். பல்லுக்கு உறுதி, சீரணத்துக்கு நல்லது." கீழே வரிசையாகக் கைகூப்பிய படங்கள். போட்டவர்களில் சிலருக்கு அறிவியல் பாடம் எடுத்தவளே நான்தான். அதனால் சிவப்பு மையை எடுக்கிறேன். முதல் வரியைத் தவிர மற்றதெல்லாம் தப்பு. முதல் வரியிலும் அந்தத் "தான்" தப்பு.

முதலில் "முன்னோர்". புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. அங்கே இருந்த மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பயன்படுத்தினார்கள். 1492இல் கொலம்பஸ் போன பிறகுதான் ஐரோப்பாவுக்கே தெரிந்தது. போர்த்துகீசியர் இங்கே கொண்டுவந்தார்கள். 1617இல் ஜஹாங்கீர் தடை போடும் அளவுக்கு அது வடக்கே பரவியிருந்தது. ஆக, நம் நாட்டில் இதன் வயது சுமார் 400 ஆண்டு. சிலப்பதிகாரத்தில் கோவலன் சாப்பிட்டு முடித்ததும் கண்ணகி வெற்றிலையும் பாக்கும் கொடுக்கிறாள். புகையிலை கொடுக்கவில்லை. கொடுக்க வழியும் இல்லை.

"புகையிலை விடு தூது என்று தமிழில் நூலே இருக்கிறதே டீச்சர்?" என்று ஒருவன் கேட்பான். இருக்கிறது. சீனிச்சர்க்கரைப் புலவர் பாடியது, உ.வே.சா. பதிப்பித்தது. அது இந்தப் பழக்கம் எவ்வளவு வேகமாகப் பரவியது என்பதற்குச் சாட்சி. மருந்து என்பதற்குச் சாட்சி அல்ல. "மிளகாயும் அதே வழியில்தானே வந்தது?" என்றும் கேட்பீர்கள். வந்தது. வெளியிலிருந்து வந்தது என்பதற்காக நான் புகையிலையைத் தள்ளவில்லை. பாட்டன் சொத்து என்று பொய்ப் பட்டா எழுதாதீர்கள் என்கிறேன்.

அடுத்து "இயற்கை". அரளி விதையும் இயற்கைதான். புகையிலை கத்தரி, தக்காளி, மிளகாய் குடும்பத்துச் செடி. அதன் நிகோடின் உருவாவது இலையில் அல்ல, வேரில். 1940களில் இதை ஒட்டுக்கட்டிப் பார்த்தே நிரூபித்தார்கள். புகையிலை வேரில் தக்காளித் தண்டை ஒட்டினால் தக்காளி இலையில் நிகோடின் ஏறியது. தக்காளி வேரில் புகையிலைத் தண்டை ஒட்டினால் இலையில் நிகோடின் ஏறக்குறைய இல்லை. புழு இலையைக் கடித்தால் சேதி வேருக்குப் போகும். வேர் இன்னும் அதிகமாக நிகோடினைத் தயாரித்து மேலே அனுப்பும். ஏன்? கடிக்கும் பூச்சியின் நரம்பை முடக்க. நம் ஊரில் செடிப்பேனுக்குப் புகையிலையை ஊறவைத்துத் தெளிப்பார்களே, அது இந்தக் கணக்கில்தான். செடி பூச்சிக்கு வைத்திருக்கும் விஷத்தைத்தான் நாம் கன்னத்தில் அடக்கிக்கொள்கிறோம். பூச்சி சிறியது, சாகிறது. நாம் பெரியவர்கள், அடிமையாகிறோம்.

"சுண்ணாம்பு சேர்த்தால் காரம் முறிந்துவிடும்" என்பவர்களுக்கு: நேர் எதிர். சுண்ணாம்பின் காரத்தன்மை நிகோடினை விடுவித்து, கன்னத்தின் உள்தோல் வழியாக வேகமாக ரத்தத்தில் ஏற்றுகிறது. பல்வலிக்குப் புகையிலை வைத்தால் வலி மரத்துப்போகலாம். மரத்துப்போவது வேறு, குணமாவது வேறு. சொத்தை உள்ளே வேலையைத் தொடரும். ஈறும் இறங்கும்.

இலையைப் பதப்படுத்தி வைக்கும்போதே நைட்ரோசமின் என்ற நச்சுப்பொருட்கள் அதில் உண்டாகின்றன. தீ வைக்க வேண்டியதே இல்லை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, வாயில் போடும் புகையிலையை முதல் பிரிவில் வைத்திருக்கிறது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்பதே அந்தப் பிரிவின் பொருள். பாக்கும் அதே பிரிவில்தான் இருக்கிறது. கண்ணகி கொடுத்தாள் என்பதற்காக அதை மறைக்க மாட்டேன். கன்னத்தின் உள்ளே வெள்ளைத் திட்டு, ஆறாத புண், மூன்று விரலை உள்ளே விட முடியாதபடி வாய் இறுகுவது: இதில் எது இருந்தாலும் "சூட்டுப்புண்" என்று மோர் குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். டாக்டரிடம் போங்கள்.

"என் தாத்தா தொண்ணூறு வயது வரை போட்டார்" என்று நிச்சயம் ஒருவர் எழுதுவீர்கள். போட்டும் பிழைத்தவரின் கதைதான் நமக்குத் தெரியும். ஐம்பதில் போனவர், பேரன் கதை சொல்லும் அளவுக்குத் தாத்தாவாகவே ஆகவில்லையே!

இனி பெண்களுக்கு. 2016-17இல் மத்திய அரசு எடுத்த கணக்கெடுப்பில், 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் புகைப்பவர் 10.7 சதவீதம். புகையில்லாப் புகையிலை போடுபவர் 21.4 சதவீதம், அதாவது இரண்டு மடங்கு. பெண்களில் புகைப்பவர் 2 சதவீதம்தான். வாயில் போடுபவரோ 12.8 சதவீதம். வீட்டு ஆம்பளையின் பீடியைக் கண்டால் சண்டைக்குப் போகும் அத்தைமார், மதினிமார் சுருக்குப்பையை ஒருமுறை திறந்து பாருங்கள். கர்ப்பிணி வாயில் அடக்கும் புகையிலை, வயிற்றுப் பிள்ளையின் எடையைக் குறைக்கும்.

எனக்குத் தாங்க முடியாதது ஒன்று உண்டு. கடைசி சில ஆண்டுகளில், எழுந்து வாசி என்றால் வாயைத் திறக்காமல் நிற்கும் பையன்களைப் பார்த்தேன். படிக்கத் தெரியாதவர்கள் அல்ல. உதட்டுக்குள் பொட்டலம். விசாரித்தால் பலருக்கு ஆரம்பம் ஒன்றேதான்: "தாத்தாவுக்கு வாங்கப் போவேன் டீச்சர்." கடைக்குப் பிள்ளையை அனுப்பியது யார்? நாம்தான். 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்குப் புகையிலை விற்பது குற்றம். தாத்தாவுக்கு என்று சொன்னாலும் குற்றமே. கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் விற்பதும் குற்றம். அபராதம் 200 ரூபாய் வரைதான். அந்தத் தொகையைப் பார்த்துச் சட்டத்தை எடைபோடும் கடைக்காரர்கள், அந்தப் பையனின் வாயையும் ஒருமுறை பார்க்கட்டும்.

புகையிலை போட்டுப் பிழைக்கும் விவசாயக் குடும்பங்களும், பீடி சுற்றும் அக்காமாரும் என் மாணவர்களின் வீடுகளில் உண்டு. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. பனி ஈரத்தோடு இலை ஒடிப்பவருக்குத் தோல் வழியே நிகோடின் ஏறித் தலைசுற்றலும் வாந்தியும் வரும். முதல் அடி வாங்குவதே அவர்கள்தான். மாற்றுப் பயிருக்கும் மாற்று வேலைக்கும் அரசிடம் கேட்போம். அதற்காக, விஷத்தை மருந்து என்று சொல்லி விற்றுக்கொடுப்பது அவர்களுக்கு உதவி ஆகாது.

வீட்டுப்பாடம் மூன்று. ஒன்று, நம் வீட்டு விசேஷத்தில் தாம்பூலத் தட்டில் புகையிலை வைக்காதீர்கள். வைத்த வீட்டில் நான் தாம்பூலம் எடுக்க மாட்டேன், எவ்வளவு நெருங்கிய சொந்தமானாலும். இரண்டு, எந்தப் பிள்ளையையும் புகையிலை வாங்க அனுப்பாதீர்கள். கடை வைத்திருக்கும் என் மாணவர்கள், வரும் பிள்ளையைத் திருப்பி அனுப்புங்கள். மூன்று, அந்தச் செய்தியை அனுப்பியவர்கள் எந்தக் குழுவில் அனுப்பினீர்களோ அதே குழுவில் "தவறான செய்தி" என்று எழுதுங்கள்.

விட நினைத்தும் முடியாதவர்களை நான் திட்டவில்லை. அது மன உறுதி மட்டும் சம்பந்தப்பட்ட விஷயமல்ல, மூளை பழகிப்போன விஷயம். 1800 11 2356 என்ற இலவச எண்ணில் ஆலோசனை சொல்வார்கள். கூப்பிடக் கூச்சமாக இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து நான் போன் போட்டுத் தருகிறேன்.

மறுப்பு இருந்தால் கீழே எழுதுங்கள். பதில் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்